பாத நரம்புப் பரிசோதனை: அதிர்வை மட்டும் பார்த்தால் போதாது, சூட்டையும் குளிரையும் பார்க்க வேண்டும்

மதுரையில் உள்ள ஒரு நீரிழிவுப் பாதப் பராமரிப்பு மையத்தில் என் அப்பாவுக்குச் செய்துகொண்ட முழுமையான பாத நரம்புப் பரிசோதனையைப் பற்றி எழுதுகிறேன். மையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே கருவிகளை வைத்து இதே சோதனையைச் செய்யும் இடங்கள் இன்று பல ஊர்களில் இருக்கின்றன. எங்கே போனாலும் எதைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும் என்பது தெரிந்தால் போதும். இந்த மையத்தில் பெரிதும் பாராட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது, திருத்திக்கொள்ள வேண்டியவையும் சில இருக்கின்றன. இரண்டையும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. கடந்த சித்திரையில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போயிருந்தோம். உச்சி வேளை. வெளிப்பிராகாரத்தில் விரித்திருந்த சாக்கு ஓரிடத்தில் முடிந்து, வெறும் கருங்கல் தளம் தொடங்கியது. என் மகன் நான்கு அடி வைத்ததும் அலறிக்கொண்டு தூணின் நிழலுக்கு ஓடினான். நானும் குதிகாலைத் தூக்கியபடியே ஓடினேன். அப்பா மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கமான நடையில் சுற்றி வந்தார். “வயக்காட்டுல வெறுங்காலோட நடந்த காலுடா இது” என்று பேரனிடம் பெருமையாகச் சொன்னார். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, வலது உள்ளங்காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஒன்றும், சுண்டுவிரல் பக்கம் ஒன்றுமாக இரண்டு கொப்புளங்களை அம்மாதான் பார்த்தார். பெரியது எட்டணாக் காசு அளவு இருந்தது. அப்பாவுக்கு அவை இருப்பதே தெரியவில்லை.

எங்களை அதிர வைத்தது கொப்புளங்கள் மட்டுமல்ல. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஓர் இலவச முகாமில் அவருடைய கால் நரம்புகளைச் சோதித்து, “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டில் இருந்தது பொய்யும் அல்ல. அங்கே பார்த்தது அதிர்வு உணர்வு ஒன்றைத்தான். அதிர்வு உணர்வு சரியாக இருக்கும்போதே சூட்டுணர்வு மங்கிப்போயிருக்க முடியும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தச் சோதனைக்குக் கொடுக்கும் பணத்தின் மதிப்பு தெரியும். காலில் இருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பிழைகள் எல்லாம் ஒரே வகை அல்ல. தொடுதலையும் அதிர்வையும் கொண்டுபோகும் ஏ-பீட்டா இழைகள் தடித்தவை. மையலின் என்ற கொழுப்புறை கனமாகச் சுற்றியவை. நொடிக்கு ஏறத்தாழ 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்துபவை. குளிரையும் சுருக்கென்ற கூர்மையான வலியையும் பெரும்பாலும் ஏ-டெல்டா என்ற மெல்லிய இழைகள் சுமக்கின்றன; அவற்றின் உறை மெலிது, வேகமும் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர்தான். வெதுவெதுப்பையும், அடிபட்ட பின் மெதுவாக ஏறிவந்து நின்று எரியும் இரண்டாவது வலியையும் கொண்டுவருபவை சி இழைகள். அவற்றுக்கு உறையே இல்லை. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் அவை செய்தியைக் கடத்துகின்றன. கல்லில் கால்விரல் இடித்துக்கொண்டால் முதலில் பளிச்சென்று ஒரு வலியும், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து ஆழமாக ஒரு வலியும் வருவதன் காரணம் இதுதான்.

இழைகள் மட்டுமல்ல, அவை போகும் பாதையும் வேறு. அதிர்வுச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதே பக்கமாகவே மேலேறி, மூளையின் அடிப்பகுதியான முகுளத்தை அடைந்த பிறகுதான் மறுபக்கம் தாண்டுகிறது. வலியும் வெப்பமும் அப்படியல்ல. தண்டுவடத்தின் பின்கொம்பில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைத்ததுமே, நுழைந்த இடத்துக்கு மிக அருகிலேயே அவை மறுபக்கம் தாண்டி, மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்ற பகுதி வழியாகப் பெருமூளைப் புறணியைச் சேர்கின்றன. தண்டுவடத்தில் ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டவர்களுக்கு, வெட்டுக்குக் கீழே ஒரு காலில் அதிர்வுணர்வும் மற்றக் காலில் சூட்டுணர்வும் போய்விடுவது இதனால்தான். ஆகவே அதிர்வுக் கருவி காட்டும் எண்ணைப் பார்த்துச் சூட்டுணர்வைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, ரயில் நேரத்துக்கு வந்ததை வைத்துப் பேருந்தும் வந்திருக்கும் என்று சொல்வதைப் போன்றது.

இனி மையத்தில் நடந்ததற்கு வருகிறேன். தொலைபேசியில் பதிவு செய்தபோதே, “சூடு குளிர் சோதனை உண்டா?” என்று கேட்டேன். உண்டு என்றார்கள். முழுத் தொகுப்புக்குக் கட்டணம் ரூ. 1,200. காலை 10 மணிக்கு வரச் சொல்லிவிட்டு 11.40-க்குத்தான் உள்ளே அழைத்தார்கள். மாத்திரை போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய சர்க்கரை நோயாளிகளை இப்படிக் காக்க வைப்பது சரியல்ல. வரவேற்பில் இருந்தவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சோதனை அறைக்குள் போனதும் அந்த வருத்தம் பெரும்பாலும் தீர்ந்தது. சோதனை செய்த பெண்ணுக்கு 25 வயதுக்குள்தான் இருக்கும். எடுத்தவுடன் கருவியைத் தொடவில்லை. அப்பாவைப் படுக்க வைத்து, காலுறையைக் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் அப்படியே விட்டார். வெளியே வெயிலில் நடந்து வந்த காலும் குளிரூட்டிய அறையில் நெடுநேரம் இருந்த காலும் ஒரே மாதிரி பதில் சொல்லாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். பிறகு தொடாமல் அளக்கும் வெப்பமானியால் இரண்டு பாதங்களையும் அளந்து குறித்துக்கொண்டார். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, ஆணி, நகம் எல்லாவற்றையும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கொப்புளம் ஆறிய இடத்தின் புதுத்தோலைத் தனியே வரைந்துகொண்டார்.

முதலில் நைலான் இழைச் சோதனை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த இழை அது. அதை முதலில் அப்பாவின் முழங்கையில் தொட்டுக் காட்டி, “இப்படித்தான் இருக்கும் ஐயா, கண்ணை மூடிக்கிட்டு, எங்க படுதுன்னு சொல்லுங்க” என்றார். பாதத்தில் பத்து இடங்களில் எட்டில் அப்பா சரியாகச் சொன்னார். காய்ப்பு ஏறிய தோலில் இழையை வைக்காமல் தவிர்த்ததைக் கவனித்தேன். முகாமில் இந்தச் சோதனையே இல்லை. அடுத்து பயோதீசியோமீட்டர் என்ற அதிர்வுக் கருவி. கட்டைவிரலில் அதன் முனையை வைத்து, அதிர்வு தெரியும்வரை வோல்ட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 25 வோல்ட்டைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் புண் வரும் அபாயம் மிகுதி என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட கணக்கு. அப்பாவுக்கு வலது காலில் 17, இடது காலில் 19. முகாமில் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்.

அதன் பிறகுதான் நாங்கள் எதற்காக வந்தோமோ அந்தச் சோதனை. ஒரு வட்டமான உலோக முனை. சின்னப் பிஸ்கட் அளவு இருக்கும். மின்சாரத்தால் அதைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடிகிறது. தோலின் வெப்பநிலைக்கு நெருக்கமான அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றுவார்கள். வெதுவெதுப்பு தெரிந்த நொடியில் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் உள்ளங்கையில் செய்தார். எண் இரண்டு ஏறியதுமே அப்பா அழுத்திவிட்டார். அடுத்து வலது உள்ளங்கால். எண் ஏறிக்கொண்டே இருந்தது. அப்பாவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் அசையாமல் இருந்தது. 40 ஆயிற்று, 42 ஆயிற்று. நான் அவர் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக்காக வைத்திருந்த மேல்வரம்பைத் தொட்டதும் கருவி தானாகவே நின்றது. “ஆரம்பிச்சாச்சாம்மா?” என்று அப்பா கேட்டார்.

அந்தக் கேள்வியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் என்பது வெதுவெதுப்பு வலியாக மாறும் எல்லை. மிளகாயின் காரப்பொருளை வைத்துத் தேடி, அந்தச் சூட்டில் திறந்துகொள்ளும் புரதக் கதவை நரம்பு முனைகளில் 1997-இல் டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது. மிளகாய் நாக்கில் ‘சுடுவது’ அது அதே கதவைத் திறப்பதால்தான். அந்தக் கதவுகளைத் தாங்கியிருக்கும் மெல்லிய இழைகளின் நுனிகள் அப்பாவின் பாதத்தில் பட்டுப்போயிருந்தன என்பதைத்தான் அந்த எண் காட்டியது.

சோதனை செய்தவரின் நேர்மையை இங்கே குறிப்பிட வேண்டும். நடுநடுவே சூட்டை மாற்றாமலேயே முனையை வைத்து, “இப்ப ஏதாவது தெரியுதா ஐயா?” என்று கேட்டார். அப்பா ஒருமுறை, “லேசா சுடுது” என்றார். மருத்துவமனையில் நல்ல பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. அந்தப் பதிலைத் தள்ளுபடி செய்துவிட்டு, அதே இடத்தில் மீண்டும் சோதித்தார். இந்தப் பொய்த்தூண்டல் இல்லாத சூடு குளிர் சோதனையில் வரும் எண்ணை முழுதாக நம்ப முடியாது. நீங்கள் போகும் இடத்தில் இதைச் செய்கிறார்களா என்று கவனியுங்கள்.

பின்பு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தினார். புறங்காலில் சூடு மிகத் தாமதமாகத் தெரிந்தது. கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடையில் சற்றுத் தெளிந்தது. கெண்டைக்காலில் இயல்பாக இருந்தது. பேனாவால் அவர் போட்ட புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்தால், காலுறையின் விளிம்பு போலவே ஒரு கோடு. காலுக்கு வரும் நரம்பணுக்களின் உடல் கீழ்முதுகில், தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சுகளில் இருக்கிறது. அங்கிருந்து கால்விரல் நுனிவரை ஒரே அணுவின் ஒற்றை இழை ஒரு மீட்டர் அளவுக்கு நீள்கிறது. அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் அந்த முடிச்சில் உள்ள அணுவே செய்து, இழையின் உள்ளே நகர்த்திக் கடைசி நுனிவரை அனுப்பியாக வேண்டும். நெடுநாள் சர்க்கரையால் அந்த வரத்து குலையும்போது, கடைமடைக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும். அதனால்தான் பாதிப்பு விரல்நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. பெரும்பாலும் முழங்காலை நெருங்கும் வேளையில்தான் கைவிரல்களில் தென்படத் தொடங்குகிறது.

குளிர்ச் சோதனையில் அப்பா கொஞ்சம் தேறினார். தாமதமாக என்றாலும் இரண்டு பாதங்களிலும் குளிர் தெரிந்தது. இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வந்தது. ஓராண்டாகவே அப்பா, “இந்தத் தைலத்துல முன்ன மாதிரி சரக்கு இல்ல” என்று சொல்லி, தைலத்தின் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். நெற்றியில் தடவினால் ஜில்லென்று இருக்கிறது, பாதத்தில் தடவினால் ஒன்றுமே இல்லை என்பார். தைலத்தில் உள்ள மென்தால், குளிரை உணரும் புரதக் கதவைத் திறந்துதான் அந்த ஜில்லிப்பைத் தருகிறது. 2002-இல் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். வெப்பம், தொடுதல் ஆகியவற்றின் உணர்விகளைக் கண்டறிந்ததற்காக 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். தைலம் மாறவில்லை; அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நரம்பு நுனிகள் குறைந்துகொண்டிருந்தன. வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால், அதைத் தைலத்தின் குறையாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் எங்களைக் குழப்பியிருந்தது. சூடே தெரியாத அதே பாதம் இரவானால் எரிகிறது என்பார். போர்வைக்கு வெளியே நீட்டித் தரையில் வைத்துக்கொள்வார். எரிகிற கால் எப்படி உணர்விழந்த கால் ஆகும் என்றுதான் நாங்கள் இத்தனை நாள் நினைத்திருந்தோம். நலிந்த இழைகள் வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாமலேயே தாமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும் என்றும், மூளை அதை எரிச்சலாகவே படிக்கும் என்றும் மருத்துவர் விளக்கினார். எரிச்சலும் மரப்பும் ஒரே நோயின் இரு முகங்களாக ஒரே காலில் இருக்கலாம். எரிச்சலுக்காக அப்பா வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைத்துவந்ததைக் கேட்டதும் சோதனை செய்த பெண்ணின் முகம் மாறிவிட்டது. 44 டிகிரிச் சூடு தோலைப் புண்ணாக்கச் சுமார் 6 மணி நேரம் எடுக்கும். 60 டிகிரிக்குச் சில நொடிகளே போதும். நமக்கு அந்த நொடிகளுக்குள் வலி வந்து காலை இழுத்துவிடும். அப்பாவுக்கு இழுக்கச் சொல்ல ஆளில்லை. அன்றோடு வெந்நீர் நின்றது.

மருத்துவரைப் பற்றி ஒரு குறை உண்டு. நன்றாகப் பேசினார், ஆனால் ஆறேழு நிமிடங்கள்தான் பேசினார். அறிக்கை முழுவதும் ஆங்கிலம். வண்ணப் பட்டைகள், எண்கள், கடைசியில் ஒரு வரியில் முடிவு. அதிர்வு இயல்பாக இருப்பதும் சூட்டுணர்வு இழந்திருப்பதும் ஏன் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை விளக்கும் ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை. காலில் பேனாவால் வரைந்த அந்தக் கோடுதான் அப்பாவுக்குப் புரிந்த ஒரே அறிக்கை. அதையும் சாராயப் பஞ்சால் துடைத்துவிட்டார்கள். நல்ல வேளையாக நான் அதற்கு முன்பே படம் எடுத்துக்கொண்டேன். தமிழில் ஒரு பக்கம், அந்தக் காலுறைக் கோட்டோடு, அச்சிட்டுக் கொடுப்பது இந்த மையத்துக்குப் பெரிய செலவாகாது.

இரண்டாவது குறை, சோதனையின் நீளம். சூடு குளிர் சோதனை நோயாளியின் கவனத்தை நம்பியது. வலது காலுக்கே 25 நிமிடம் ஆனது. இடது கால் வரும்போது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. அப்பா பசியால் சோர்ந்திருந்தார். பொத்தானை ஒருமுறை அவசரப்பட்டு அழுத்தினார், ஒருமுறை அழுத்தவே மறந்தார். இடது கால் எண்களை நான் அரைகுறையாகத்தான் நம்புகிறேன். வயது கூடக்கூட ஆரோக்கியமானவர்களுக்கும் இந்த உணர்வு ஓரளவு மங்கும் என்பதால், ஒருமுறை எடுத்த எண்ணைவிட அடுத்தடுத்து எடுக்கும் எண்களுக்கு இடையிலான மாற்றமே முக்கியம். அப்படியானால் முதல் எண் நம்பகமானதாக இருக்க வேண்டும் அல்லவா?

ரத்த ஓட்டச் சோதனையும் தொகுப்பில் இருந்தது. அதில் சிக்கல் இல்லை. நரம்பின் மின்கடத்தல் சோதனையையும் தனிக்கட்டணத்தில் செய்யலாமா என்று வரவேற்பில் கேட்டார்கள். அது தடித்த இழைகளை மட்டுமே காட்டும், இப்போது வேண்டாம் என்று மருத்துவரே தடுத்துவிட்டார். வருமானத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்தச் சொல்லுக்காக அவரை மதிக்கிறேன். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதற்கு மட்டும் ரத்தம் எடுத்தார்கள்.

வெளியே வரும் வழியில் செருப்புப் பிரிவு. ரூ. 4,500-க்கு மேல் விலையுள்ள செருப்புகளைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். எம்.சி.ஆர். என்ற நுண்ணறை ரப்பரில் செய்த சாதாரணச் செருப்பு இருக்கிறதா என்று நான் கேட்ட பிறகே கீழ்த்தட்டிலிருந்து வந்தது. அந்த ரப்பருக்கு நம் மண்ணோடு ஒரு வரலாறு இருக்கிறது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம்பட்டே அழிகின்றன என்பதை நிறுவியவர். உணர்விழந்த பாதத்துக்கு அழுத்தம் பரவலாக விழ வேண்டும் என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் தேடிச் செய்த காலணிகளில் பயன்பட்டது இந்த ரப்பர். வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்ற அந்தப் பாடம்தான் பின்னாளில் நீரிழிவுப் பாதப் பராமரிப்புக்கும் வழிகாட்டியது. அப்பாவின் பாதத்தில் இப்போதைக்குக் கோணலோ ஆறாத புண்ணோ இல்லை என்பதால், பின்வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பே போதும் என்று மருத்துவரும் சொன்னார். ரூ. 750-க்கு முடிந்தது.

மதிப்பெண் போடச் சொன்னால், சோதனை அறைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். காத்திருப்புக்கும் அறிக்கைக்கும் இரண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன். ஆனால் மூன்று நிமிட அதிர்வுச் சோதனையை இலவசமாகப் பெற்றுவிட்டு நிம்மதியாக இருந்ததைவிட, ரூ. 1,200 கொடுத்து இந்த உண்மையைத் தெரிந்துகொண்டது எங்களுக்கு எத்தனையோ மடங்கு மேல். சர்க்கரை நோய் பத்தாண்டைத் தாண்டிய யாரையும் இங்கே அல்லது இதே போன்ற இடத்துக்குத் தயங்காமல் அழைத்துப் போவேன். முன்பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள்: சூடு, குளிர் இரண்டையும் தனித்தனியே சோதிப்பீர்களா, எத்தனை இடங்களில் சோதிப்பீர்கள், நடுவே பொய்த்தூண்டல் வைப்பீர்களா. பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். கையில் மோரும் பிஸ்கட்டும் எடுத்துப் போங்கள்.

இப்போது குளிக்கும் தண்ணீரை அம்மா முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் அப்பா ஊற்றிக்கொள்கிறார். இரவில் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறார். கோயிலுக்கு விடியற்காலையில் போகிறோம். ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். காலை முதல் ஆளாக அழைக்கவும், இந்த முறை இடது காலிலிருந்து தொடங்கவும் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.